தீவன பார்லியில் பீர்

நோலின் டிரெசைஸ் தன் கணவன் லிண்ட்சேயின் பார்லியை ஆட்டுத் தீவனம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டபோது, அவனுக்குப் பின்னால் பதினோரு லாரிகள் நின்றிருந்தன. லிண்ட்சேக்குப் பொறுக்காதது அதுதான். ஆளில்லாத நேரத்தில் சொல்லியிருந்தால் விழுங்கியிருப்பேன் என்று பிற்பாடு பல பேரிடம் சொன்னான். விழுங்கியிருக்க மாட்டான் என்பது அந்தப் பல பேருக்கும் தெரியும்.

அறுவடை நடக்கிற ஆறு வாரமும் நோலினுக்கு ஊர்த் தானியக் கிடங்கான சைலோவில் வேலை. லாரி வந்து மேடையோரம் நின்றதும் நீளக் குழாயைத் தானியத்துக்குள் இறக்கி ஒரு படி எடுப்பாள், மிஷினில் கொட்டுவாள், இரண்டு நிமிஷத்தில் ஒரு எண் சொல்வாள். புரதம் நூற்றுக்குப் பன்னிரண்டுக்குள் இருந்தால் பார்லி பீர் ஆலைக்குப் போகும். அதைத் தாண்டினால் ஆடு மாடுகளுக்குப் போகும். இருபத்தோரு வருஷமாக அவள் சொன்ன எண்ணை யாரும் தட்டிக் கேட்டதில்லை. போன டிசம்பரில் லிண்ட்சேயின் லாரி வந்து நின்றது.

"பன்னெண்டு புள்ளி மூணு," என்றாள் மேலேயிருந்து. "தீவனம். நாலாம் குழிக்குப் போ."

"இன்னொரு தடவ போட்டுப் பாரு, நோல்."

போட்டாள். அதே எண்தான் வந்தது.

"புள்ளி மூணுதானே! கண்ண மூடிக்கிட்டு பன்னெண்டுன்னு எழுதினா வானமா இடிஞ்சு விழுந்துடும்?"

"நேத்து மெர்வினுக்குப் புள்ளி ஒண்ணுதான் கூட. அவனுக்கு மூடாத கண்ண உனக்கு மட்டும் மூடணுமா? வண்டிய எடு லிண்ட்ஸ், பின்னாடி ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க."

அடுத்த லாரியில் இருந்தவன் அதே மெர்வின் டாடோதான், பக்கத்து நிலத்துக்காரன். தலையை வெளியே நீட்டி, "டேய் லிண்ட்சே, இனிமே வீட்டுல உனக்கும் தீவனந்தானா?" என்று கத்தினான். வரிசை முழுக்கச் சிரித்தது.

அன்று சாயங்காலமே லிண்ட்சே, புல்தரையில் பந்து உருட்டி ஆடுகிற பௌல்ஸ் கிளப்பின் பாரில் உட்கார்ந்து, நாலு பேர் கேட்க, மிஷின் பழசு என்றான். இரண்டாவது கிளாஸில், மிஷினைக்கூடக் குற்றம் சொல்ல முடியாது, அவளுக்கு அதைப் பார்க்கத் தெரியவில்லை என்றான். பேச்சு அவன் வீடு போய்ச் சேர்வதற்கு முன்னால் நோலினிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் கிளப்புக்கும் வீட்டுக்கும் நடுவில் பதினெட்டு கிலோமீட்டர் வெறும் அறுத்த வயல்தான் கிடக்கும், ஆனாலும் பேச்சு எப்படியோ முந்திக்கொள்ளும்.

"மிஷின் சரியில்லன்னு சொன்ன, சொல்லிட்டுப் போ," என்றாள் நோலின். "எனக்குப் பார்க்கத் தெரியாதுன்னு சொன்ன பாரு. ஒண்ணு அத நிரூபி. இல்ல, எங்க உக்காந்து சொன்னியோ அங்கயே உக்காந்து வாபஸ் வாங்கு."

"நிரூபிக்கிறேன்," என்றான் லிண்ட்சே. எப்படி என்பது அவனுக்கே தெரியாது. கையில் இருந்தது அந்த லோடிலிருந்து எடுத்து வைத்த ஒரே ஒரு மூட்டை பார்லி.

ஜனவரி முழுக்க வீட்டில் உப்பு, ரொட்டி, நாய், தண்ணீர் மோட்டார் இவற்றைப் பற்றி மட்டும் பேச்சு நடந்தது. நோலின் தன் இருபத்தோரு வருஷத்தையும் அவன் ஒரு கிளாஸில் ஊற்றிக் குடித்துவிட்டதுபோல நடந்துகொண்டாள். அது நியாயம்தான், ஆனால் அதை ஒத்துக்கொள்ள லிண்ட்சேக்கு வாய் வரவில்லை.

பிறகு ஒருநாள் அந்த மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவனுக்கு விசித்திரமாக ஒன்று தோன்றியது. முப்பத்தாறு வருஷமாகப் பார்லி விதைக்கிறான். அதைவிட அதிக வருஷமாகப் பீர் குடிக்கிறான். இதற்கும் அதற்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை. நாலாம் குழியோ ஏழாம் குழியோ, குழிக்குள் கொட்டியதும் அவன் வேலை முடிந்துவிடும். பக்கத்து டவுனான கடினாவின் நூலகத்துக்குப் போய்ப் புத்தகம் ஒன்று எடுத்துவந்தான். ஆலை வேண்டாம், மூன்று நான்கு பாத்திரம் வேண்டாம், ஒரு பெரிய பானையும் ஒரு துணிப்பையும் போதும் என்று அதில் எழுதியிருந்தது. தேயிலைப் பையைக் கோப்பையில் முக்குவதுபோலத் தானியப் பையை வெந்நீரில் முக்கி எடுப்பதுதான் முறை.

ஆனால் அதற்கு முன் பார்லி முளைக்க வேண்டும். துணி துவைக்கும் தொட்டியில் ஊறவைத்து, வீட்டுக்குக் கீழே உள்ள கல் அறையில் பரப்பினான். அறுவடை நேரத்து மழையில் கதிரிலேயே முளைத்த பார்லியைப் பார்த்து எத்தனை தடவை மண்டையில் அடித்துக்கொண்டிருப்பான். இப்போது ஒரு நாளைக்கு ஐந்து தடவை படியிறங்கி, முழங்காலிட்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்குத் தள்ளி, வெள்ளை வேர் விட்டிருக்கிறதா என்று பார்த்தான். நான்காம் நாள் விட்டிருந்தது. நூறு மணியை எண்ணினான், தொண்ணூற்றேழில் வேர் இருந்தது. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. மேலே நோலின் இருந்தாள். அவளிடம் சொல்லாமல் நாயிடம் சொன்னான்.

முளைத்ததைக் காயவைக்க வேண்டுமே. தலையணை உறையில் கட்டி, துணி உலர்த்தும் மிஷினில் போட்டுச் சுற்றவிட்டான். நோலின் கூடையோடு வந்து நின்றாள்.

"என் தலகாணி உறையில என்ன சுத்துது?"

"பார்லி."

அவள் மிஷினின் கதவைத் திறந்தாள். பிஸ்கட் சுடுகிற மாதிரி ஒரு வாசனை வந்தது. கூடையைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு முறை முகர்ந்தாள்.

"சூட்டக் கொற. அம்பதத் தாண்டுனா உள்ள மாவ சர்க்கரையாக்குற சத்து செத்துடும்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"புத்தகத்த டாய்லெட்டுல விட்டுட்டு வந்தது யாரு?" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அடுத்த இரண்டு வாரம் அந்த வீட்டுத் துண்டுகளில் எல்லாம் குட்டி வேர்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.

பைக்குப் பழைய ஜன்னல் வலைத்திரை ஒன்று கிடைத்தது. லிண்ட்சே அதைச் சாக்குத் தைக்கிற ஊசியால் தைத்தான். முப்பத்தாறு வருஷப் பழக்கம், ஆகவே தையலுக்குத் தையல் விரல் நுழையும். மறுநாள் காலை பை மேஜையில் மடித்துக் கிடந்தது. தையலெல்லாம் பிரிக்கப்பட்டு, தையல் மிஷினில் இரட்டைத் தையல் போட்டு, நாலு மூலையிலும் கெட்டியான காதுகள் வைத்து முடித்திருந்தது.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நண்டு அவிக்கிற பெரிய பானையை நாற்றம் போக மூன்று தடவை தேய்த்து, முற்றத்தில் கேஸ் அடுப்பில் ஏற்றினான். தானியத்தை உடைக்க வேண்டும் என்று புத்தகம் சொன்னது. கொட்டகையில் ஆட்டுத் தீவனம் அரைக்கும் மிஷின் இருக்கும்போது வேறு யோசனை எதற்கு? ஏழு கிலோவையும் அதில் கொட்டினான். நாலே நிமிஷத்தில் கீழே பவுடராக வந்து விழுந்தது. வேலை சுத்தம் என்று அவனுக்குத் திருப்தி. உடைப்பது வேறு, மாவாக்குவது வேறு என்பது ஆடு வளர்க்கிறவன் மண்டையில் எப்படி ஏறும்?

வெந்நீரில் பையைப் போட்டு மாவைக் கொட்டியதும் தெரிந்துவிட்டது. பானைக்குள் களி கிண்டியதுபோல ஆயிற்று. துடுப்பு நட்டமாக நின்றது. கட்டி கட்டியாக மிதந்தது, கட்டிக்குள் உலர்ந்த மாவு இருந்தது. முளைகட்டியது அவ்வளவுதான், மறுபடி ஆரம்பித்தால் விதைப்பு வந்துவிடும். சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு, கொதிப்பைப் பொறுத்துக்கொண்டு, கட்டிகளை ஒவ்வொன்றாகப் பையோரத்தில் வைத்து நசுக்கினான்.

"என்ன பண்ற, ஆட்டுக்குக் கஞ்சியா?" நோலின் பின்வாசலில் நின்றாள். கையில் ஜாம் காய்ச்சுகிற தெர்மாமீட்டர் இருந்தது.

"வேடிக்க பாக்க வந்தியா?"

"அறுபத்தாறு இருக்கணும். எவ்வளவு இருக்கு?"

"கைக்குச் சுடுது."

"கைக்குச் சுடுதாம்!" அவள் வந்து தெர்மாமீட்டரைச் சொருகினாள். "அறுபத்தொண்ணு. அடுப்பக் கொஞ்சம் தூண்டு. போதும், போதும். ஓரத்துல மட்டும் பாக்காத, நடுவுலயும் கிண்டு."

ஒரு மணி நேரம் அப்படிப் போயிற்று. நடுவில் அவள் உள்ளே போய் ஒரு வெள்ளைத் தட்டும், ஆட்டுக் காயத்துக்குப் போடுகிற அயோடின் பாட்டிலும் கொண்டுவந்தாள். பானையிலிருந்து ஒரு கரண்டி எடுத்துத் தட்டில் விட்டு, மேலே ஒரு சொட்டு அயோடின் விட்டாள். மையாகக் கறுத்தது.

"மாவு இன்னும் மாவாவே இருக்கு," என்றாள். அவள் குரலில் சண்டை இல்லை. அந்தத் தட்டைத் தவிர வேறு எதுவும் அப்போது அவள் கண்ணில் படவில்லை.

கால் மணி கழித்து மறுபடி விட்டாள். நீலம். இன்னொரு கால் மணி. ஊதா. இருவரும் தட்டின் மேல் குனிந்து தலை முட்டிக்கொண்டார்கள். நாலாவது சொட்டு விழுந்த இடத்தில் பழுப்பாகவே நின்றது, நிறம் மாறவில்லை. நோலின் விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"கருமமே, அயோடின் பட்டத நக்காதடி!"

"ஓரத்துலதான் தொட்டேன். தேன் மாதிரி இனிக்குது, லிண்ட்ஸ்." டிசம்பருக்குப் பிறகு அவனைப் பார்த்து அவள் சிரித்தது அப்போதுதான். "நீ சர்க்கரையா போட்ட? ஒண்ணும் போடல! எங்கேருந்து வந்துச்சு இது?"

அவனுக்கும் அதே ஆச்சரியம்தான். தன் நிலத்து மண்ணுக்குள் இவ்வளவு இனிப்பு கிடந்ததா என்று பானையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பையைத் தூக்குவது தனிக் கூத்து. மாவு அடைத்துக்கொண்டதால் சொட்டுக்கூட வடியவில்லை, கனமோ கன்றுக்குட்டிக் கனம். லிண்ட்சே டிராக்டரைக் கொண்டுவந்து, முன்னால் உள்ள லோடரில் பையின் நாலு காதையும் மாட்டி, அங்குலம் அங்குலமாக உயர்த்தினான். "மெதுவா! மெதுவாடா! என் தையல் பிஞ்சுது, உன்னத் தொலைச்சிடுவேன்," என்று கீழேயிருந்து நோலின் கத்தினாள். அவள் தையல் பிரியவில்லை. முக்கால் மணி நேரம் பை தொங்கி வடிந்தது. பிறகு இரண்டு பேரும் இரண்டு பலகையை வைத்து அழுத்திப் பிழிந்தார்கள். கொதிக்கவைத்து, பீருக்குக் கசப்பு தருகிற, தபாலில் வந்த ஹாப்ஸ் பூவைப் போட்டு, சூடு ஆறாமலே தண்ணீர் கேனில் ஊற்றி மூடினார்கள். மறுநாள் ஈஸ்ட் போட்டார்கள். ஒரு வாரம் கல் அறையில் கேன் தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டிருந்தது. லிண்ட்சே படியில் உட்கார்ந்து அதைக் கேட்டான்.

பாட்டிலில் அடைத்து மூன்று வாரம் ஆனதும் ஒன்றை மட்டும் கல் அறையிலேயே திறந்தான். கிளாஸில் ஊற்றி வெளிச்சத்தில் பிடித்தான். ஜன்னல் கண்ணாடிபோலப் பளிச்சென்று இருந்தது. படியை இரண்டிரண்டாகத் தாவி மேலே வந்தான்.

"பாரு! பாத்தியா? பேப்பர வெச்சா எழுத்துத் தெரியும். தீவன பார்லியாம் தீவன பார்லி!"

நோலின் கிளாஸை வாங்கவில்லை. தள்ளி நின்றே பார்த்தாள்.

"குளிர வெச்சுப் பாத்தியா?"

"எதுக்கு?"

"நூத்திப் பன்னெண்டாம் பக்கம். புரோட்டீன் கூடியிருந்தா வெதுவெதுப்புல தெரியாது. குளிருல கலங்கிடும். மாவு இருந்தா அயோடின் காட்டியிருக்கும், அது இல்ல. ஈஸ்ட்னா இப்பவே கலங்கியிருக்கும். ஒரு பாட்டில ஃபிரிட்ஜுல வை, நாளைக்குத் தெரிஞ்சிடும்."

"வைக்க மாட்டேன். கிளப்புலயே திறக்கிறேன், எல்லாரும் பாக்கட்டும்."

"லிண்ட்ஸ். சொல்றதக் கேளு."

"பயமா இருக்கா, ஆபீசரம்மா?"

"எனக்கென்ன பயம்," என்று சொல்லிவிட்டு அடுப்பு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஏப்ரல் மாதம், பௌல்ஸ் சீசனின் கடைசி சனிக்கிழமை. ஊரே கிளப்பில் இருந்தது. லிண்ட்சே பன்னிரண்டு பாட்டில்களை வெள்ளிக்கிழமையே ஐஸ் பெட்டியில் அடுக்கியிருந்தான். பாட்டில் அடியில் படிந்த ஈஸ்ட் எழும்பிப் பீரில் கலந்துவிடாமல் இருக்க, ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவனைப்போல வண்டியை ஓட்டிவந்தான். ஆட்டம் முடிந்து எல்லோரும் பாரில் கூடியதும் முதல் பாட்டிலைத் திறந்து, கையை உயர்த்தி, எல்லோரும் பார்க்க ஊற்றினான்.

ஊற்ற ஊற்றவே தெரிந்தது. கிளாஸுக்குள் அரிசி கழுவிய தண்ணீர்போல வந்து நிறைந்தது. இரண்டாவது பாட்டிலைத் திறந்தான். அதுவும் அதேதான். கையில் குளிர்ச்சி ஏறியது, காதெல்லாம் சுட்டது.

"என்னடா இது, பாத்திரம் கழுவுனதா?" என்றான் மெர்வின். ஆனாலும் இலவசம், ஆகவே ஒரு வாய் குடித்தான். நிறுத்தினான். இன்னொரு வாய் குடித்தான். அவன் முகத்தில் கேலி இருந்த இடம் காலியாயிற்று.

"டேய். இது நல்லா இருக்குடா."

"சும்மா சொல்லாத."

"நான் எதுக்கு உன்கிட்டச் சும்மா சொல்லணும்? நிஜமாவே நல்லா இருக்கு. இங்க ஒரு கிளாஸ் குடுங்கப்பா, அங்கயும் ஒண்ணு குடு." கிளாஸ்கள் கை மாறின. குடித்தவர்கள் மறுபடி நீட்டினார்கள். மெர்வின் தன் கிளாஸை வெளிச்சத்தில் பிடித்து முகத்தைச் சுளித்தான். "எல்லாம் சரி. ஏன் இப்படிக் கலங்கிக் கெடக்கு?"

லிண்ட்சே பாரின் பக்கம் திரும்பினான். அந்த அறையில் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்து விஷயம் தெரிந்தவர்கள் அவனையும் சேர்த்து இரண்டே பேர். இன்னொருத்தி, அன்றைக்குப் பார் பார்க்கும் முறை தன்னுடையது என்று, பாருக்குப் பின்னால் கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்தாள். இதோ, இப்போது சொல்லப்போகிறாள் என்று நினைத்தான். நாலு மாசமாகக் காத்திருக்கிறாளே, சொல்லட்டும்.

நோலின் துணியைக் கீழே வைத்தாள்.

"வண்டியில குலுங்குனதுல அடியில இருந்த ஈஸ்ட் எழும்பியிருக்கும்," என்றாள். யாரையும் பார்க்காமல் கையிலிருந்த கிளாஸைப் பார்த்துச் சொன்னாள். "ரெண்டு நாள் நிக்க வெச்சா தெளிஞ்சிடும்."

"அப்ப பார்லியில கோளாறு இல்ல?" மெர்வினின் கண் மின்னியது. "அப்ப டிசம்பர்ல உன் மிஷின்தான்..."

"மிஷின்னா தப்பாதா என்ன," என்றாள் நோலின். "நானும் சரியாப் பாக்காம இருந்திருக்கலாம்."

டிசம்பரிலிருந்து லிண்ட்சே கேட்க ஏங்கிய வார்த்தை இதுதான். அவனுக்கு அழகாக ஜெயித்துக் கொடுத்துவிட்டாள். மெர்வின் அவன் தோளைத் தட்டினான், யாரோ கைகூடத் தட்டினார்கள். ஆனால் அவள் குரல் அவள் குரலாக இல்லை. இருபத்தோரு வருஷத்தில் எவனுக்காகவும் ஒரு புள்ளியை நகர்த்தாதவள், அந்தப் பதினோரு லாரிக்காரர்கள் முன்னாலேயே இப்போது தன்னையே நகர்த்தி வைத்தாள், அதுவும் அவனுக்காக. லிண்ட்சேக்கு வெட்கமாகப் போயிற்று. அந்தப் பொய்யை அவள் வாயில் பார்க்க அவனால் முடியவில்லை.

"இல்ல," என்றான். சத்தமாகவே வந்துவிட்டது. "ஈஸ்டும் இல்ல, குலுக்கலும் இல்ல. இது புரோட்டீன். அதிகமா இருந்தா குளிருல இப்படித்தான் கலங்கும், புத்தகத்துல இருக்கு. மிஷின் சரி. இவ பார்த்ததும் சரி. இவளுக்குப் பார்க்கத் தெரியாதுன்னு இதே ஸ்டூல்ல உக்காந்து நான் சொன்னதுதான் தப்பு."

மெர்வின் கிளாஸையும் அவனையும் மாறிமாறிப் பார்த்தான்.

"அப்ப நாங்க இப்பக் குடிச்சது தீவனமா?"

"தீவனந்தான். இன்னும் வேணுமா, வேண்டாமா?"

மெர்வின் கிளாஸை நீட்டினான். சிரிப்பு கூரையை எட்டியது. அந்தச் சத்தத்துக்குள் நோலின் பாரைச் சுற்றிக்கொண்டு வந்து, பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, பாட்டிலில் மிச்சமிருந்ததை எல்லாம் தனக்கே ஊற்றிக்கொண்டாள். அதுவரை அவள் அதை ஒரு சொட்டுகூடக் குடித்துப் பார்த்திருக்கவில்லை. பாதி கிளாஸை நிறுத்தாமல் குடித்தாள்.

"எனக்குப் பொய் சொல்ல வரல, இல்ல?" என்றாள் அவனுக்கு மட்டும் கேட்கும்படி.

"சுத்தமா வரல."

"அப்ப இனிமே என்னச் சொல்ல வைக்காத."